பழைய நிக்கார் லென்ஸும் கூந்தன்குளத்து நாரைகளும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் பெரியப்பா ஸ்டுடியோ வைத்திருந்தவர். அவர் காலமான பிறகு அவருடைய பெட்டியிலிருந்த நிக்கார் 300 மி.மீ. எஃப் 4.5 லென்ஸ் என்னிடம் வந்து சேர்ந்தது. ஆட்டோஃபோகஸ் இல்லாதது, குழலைச் சுற்றிப் பொன்னிற வளையம் ஒன்று இருக்கிறது. என் கேமரா நிக்கான் டி5600. லென்ஸ் அதில் பொருந்துகிறது, ஆனால் கேமரா ஒளியை அளப்பதில்லை. எடுத்த பறவைப் படங்களில் பெரும்பாலானவை மங்கலாகவே வருகின்றன. இதை விற்றுவிட்டு 150-600 ஜூம் வாங்கச் சொல்கிறார்கள் நண்பர்கள். 500 மி.மீ. மிரர் லென்ஸ் மலிவாகக் கிடைக்கும் என்கிறார் ஒருவர். இந்த லென்ஸைக் கொண்டு பறவைகளைப் படமெடுக்க முடியுமா? மிரர்லெஸ் கேமராவுக்கு மாறினால் நிலைமை சீராகுமா?

வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

முடியும். ஆனால் எந்தப் பறவையை எடுப்பது என்பதில் லென்ஸுக்கும் ஒரு சொல் உண்டு என்பதை முதலிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும். அடுத்த கணம் எங்கே இருக்கும் என்று நாம் முன்கூட்டியே சொல்லக்கூடிய பறவைகளை இந்த லென்ஸ் நன்றாகவே எடுக்கும். மற்றவற்றின் பின்னால் ஓடினால் உங்களுக்கு எரிச்சல்தான் மிஞ்சும்.

பொன்னிற வளையம் இருப்பதால் உங்களிடம் இருப்பது நிறக் கசிவைக் குறைக்கும் இ.டி. (ED) வகைக் கண்ணாடியும் உட்குவிய அமைப்பும் கொண்ட பதிப்பு என்று கொள்கிறேன். ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும்போது குழல் நீளாமல் உள்ளிருக்கும் கண்ணாடிகள் மட்டுமே நகர்வதால் வளையம் ஒரு விரலுக்கே இணங்கும், 2.5 மீட்டர் வரை நெருங்கியும் எடுக்கலாம். இந்தப் பதிப்பில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. இ.டி. கண்ணாடி வெப்பத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்குவதால், எந்த வெயிலிலும் தொலைவு கைக்கு எட்டட்டும் என்று, முடிவிலிக் குறியையும் தாண்டி வளையம் திரும்பும்படி செய்திருக்கிறார்கள். தூரத்துப் பறவைதானே என்று வளையத்தை அதன் கடைசி எல்லை வரை திருப்பிவிட்டு எடுத்தால் அத்தனை படமும் மங்கலாகத்தான் வரும். உங்கள் படங்களில் ஒரு பகுதியாவது இப்படிக் கெட்டிருக்கும் என்பது என் ஊகம்.

டி5600 ஒளியை அளக்காதது பழுதல்ல. லென்ஸின் அப்பர்ச்சர் வளையம், அதாவது ஒளி புகும் திறப்பை மாற்றும் வளையம், எந்த எண்ணில் நிற்கிறது என்பதை உணரும் அமைப்பு அந்த உடலில் இல்லை. மேனுவல் முறையில் வைத்து, ஃபிலிம் காலத்துக் கணக்கைப் பின்பற்றுங்கள்: நல்ல வெயிலில் எஃப் 16க்கு ஷட்டர் வேகம் ஏறக்குறைய ஐஎஸ்ஓ எண்ணின் கீழ் ஒன்று. ஐஎஸ்ஓ 400 என்றால் 1/400 நொடி. அங்கிருந்து எஃப் 5.6க்கு மூன்று படிகள் திறந்தால் (ஒவ்வொரு படிக்கும் ஒளி இரட்டிப்பாகும்) 1/3200. மேகம் வந்தால் ஷட்டர் வேகத்தை ஒரு படியோ இரண்டு படியோ குறைத்துக்கொண்டு, முதல் படத்தின் ஹிஸ்டோகிராமை (ஒளிப்பரவலைக் காட்டும் வரைபடத்தை) பார்த்துத் திருத்தினால் போதும். பறவைகளைப் பொறுத்தவரை இது ஒரு வசதியும்கூட. கேமராவின் ஒளிமானி வெண்கொக்கையும் கரிச்சானையும் ஒரே சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும்; வெயிலை வைத்துப் போடும் கணக்கோ பறவையின் நிறத்தால் ஏமாறுவதில்லை. கரிச்சானின் கருப்பு இறகில் விவரம் வேண்டுமானால் மட்டும் ஒரு படி கூட்டுங்கள்.

அடுத்தது ஃபோகஸ், உங்கள் சிக்கலின் மையம் இதுதான். இக்காலத்து டிஎஸ்எல்ஆர் கேமராக்களின் வியூஃபைண்டர் திரை ஆட்டோஃபோகஸுக்காகச் செய்யப்பட்டது; பெரியப்பாவின் ஃபிலிம் கேமராவில் இருந்திருக்கக்கூடிய, பிளந்த உருவம் ஒன்றுசேர்ந்தால் ஃபோகஸ் சரி என்று காட்டும் பிளவுப்பட வட்டம் இதில் இல்லை, உருவமும் சிறியது. கண்ணுக்குத் தெளிவாகப்பட்டது படத்தில் தெளிவாக இருக்கும் என்று நம்ப முடியாது. வியூஃபைண்டரின் கீழே எரியும் பச்சைப் புள்ளி இந்த லென்ஸுடனும் வேலை செய்யும், ஏனென்றால் அதற்கு எஃப் 5.6 அல்லது அதைவிடப் பெரிய திறப்பு போதும் (எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது). ஆனால் அந்தப் புள்ளி ஒரு சிறு எல்லைக்குள் எங்கிருந்தாலும் எரியும் என்பதால், புள்ளி வந்ததும் நின்றுவிடாமல், வளையத்தை மெல்ல நகர்த்திக்கொண்டே மூன்று நான்கு படங்களைத் தொடர்ச்சியாக எடுக்க வேண்டும். டிரைபாட் இருந்தால் லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின்திரையில், பறவையின் கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்துச் செய்வதுதான் உறுதியான வழி.

ஏன் இவ்வளவு நுணுக்கம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. உங்கள் கேமராவின் சென்சார் அளவில், 300 மி.மீ. லென்ஸை எஃப் 5.6இல் வைத்து 5 மீட்டர் தூரத்திலுள்ள பறவையை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் மொத்தம் ஏறக்குறைய 6 செ.மீ. மட்டுமே. தேனீ பிடிக்கும் சிறு பறவையான பஞ்சுருட்டான் பக்கவாட்டில் அமர்ந்திருந்தால் அலகிலிருந்து வால் வரை அதற்குள் அடங்கும்; நம்மை நேராகப் பார்த்து அமர்ந்தால் கண் தெளிந்து வால் கரையும். 8 மீட்டருக்குப் போனால் ஆழம் 16 செ.மீ. ஆகும், ஆனால் பறவை சிறுத்துவிடும். 18 செ.மீ. நீளமுள்ள பறவையின் உருவம் 23.5 மி.மீ. அகலமுள்ள சென்சாரில் 8 மீட்டரிலிருந்து 7 மி.மீ.க்கும் குறைவாகவே விழும். 5 மீட்டரிலிருந்து 11 மி.மீ. அளவுக்கு வரும். சிறு பறவைகளுக்கு 300 குறைவு என்று சொல்லப்படுவதன் பொருள் இதுதான். லென்ஸின் எட்டத்தைக் கூட்டும் டெலிகன்வர்ட்டரில் தீர்வைத் தேட வேண்டாம்: 1.4 மடங்கு கன்வர்ட்டர் போட்டாலே திறப்பு எஃப் 6.3 ஆகிவிடும், பச்சைப் புள்ளியை நம்ப முடியாது. அந்த மூன்று மீட்டரை நாம்தான் குறைக்க வேண்டும். சரியாகச் சொன்னால், பறவை குறைக்கும்படி நாம் அமர்ந்திருக்க வேண்டும்.

இதற்குப் பஞ்சுருட்டானைவிடப் பொருத்தமான பறவையை நான் அறியேன். உங்கள் ஊரைச் சுற்றியுள்ள வாய்க்கால் கரைகளிலும் வயலோரக் கம்பிகளிலும் காலை வேளையில் அதைப் பார்க்கலாம். கிளை நுனியிலிருந்து பாய்ந்து, பறக்கும் தேனீயைப் பிடித்துக்கொண்டு, பெரும்பாலும் புறப்பட்ட அதே நுனிக்கே திரும்பும். திரும்பியதும் உடனே விழுங்காது. தேனீயை அலகில் குறுக்காகப் பிடித்துக் கிளையில் பட் பட்டென்று அடிக்கும். பிறகு அதன் அடிவயிற்றைக் கிளையில் தேய்த்துக் கொடுக்கையும் நஞ்சையும் நீக்கும். அதன் பிறகே தலையைப் பின்னுக்குச் சாய்த்து விழுங்கும். அந்தச் சில நொடிகள் நமக்குப் போதும். பறவை வெளியே போயிருக்கும்போதே கிளை நுனியில் ஃபோகஸை வைத்துவிட வேண்டும். அது திரும்பி அமர்ந்ததும் செய்ய வேண்டியது மயிரிழை திருத்தம் மட்டுமே. விடியலுக்கு முன்பே போய் வெயிலுக்கு முதுகைக் காட்டி ஒரு முக்காலியில் அசையாமல் அமர்ந்துவிட்டால், அரை மணி நேரத்துக்குள் அது நம்மைப் பொருட்படுத்தாமல் வேட்டையைத் தொடங்கிவிடும்.

வாய்க்கால் ஓரத்தில் உறைந்து நிற்கும் மடையான், பகலில் பொந்து வாசலில் அமர்ந்திருக்கும் புள்ளி ஆந்தை, மாட்டின் முதுகில் சவாரி செய்யும் கரிச்சான் ஆகியவையும் இந்த லென்ஸுக்கு ஏற்றவை. இலைகளுக்குள் இடம் மாறிக்கொண்டே இருக்கும் தையல்சிட்டையும், வயலுக்கு மேல் சுழலும் தகைவிலானையும் விட்டுவிடுங்கள்.

பறக்கும் பறவையே கிடைக்காதா என்று நீங்கள் கேட்கக்கூடும். உங்கள் மாவட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. கூந்தன்குளத்தில் மஞ்சள் மூக்கு நாரைகள் குளத்தில் மட்டுமல்லாமல் ஊருக்குள் இருக்கும் மரங்களிலும் கூடு கட்டுகின்றன. ஊர் மக்கள் அவற்றைத் தங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் போலக் காப்பாற்றிவருகிறார்கள். வேடந்தாங்கலில் ஏரிக்கரையிலிருந்து பார்க்கையில் கூடுகள் பெரும்பாலும் தொலைவிலேயே இருக்கும். 40 மீட்டரில் ஒரு நாரையின் உருவம் சென்சாரில் 7 மி.மீ. அளவுக்கே விழும். கூந்தன்குளத்துத் தெருவில் 15 மீட்டரில் நின்றால் அதே நாரை படத்தின் சட்டத்தையே நிரப்பிவிடும். குச்சியோடு வரும் நாரை பெரிய இறக்கையை விரித்து, கால்களை முன்னே நீட்டி, வேகத்தைக் குறைத்துக்கொண்டு கூட்டின் விளிம்பில் இறங்கும். அடுத்த முறையும் அநேகமாக அதே பக்கத்திலிருந்துதான் வரும். ஃபோகஸைக் கூட்டின் விளிம்புக்குச் சற்று முன்னால் நிறுத்திவிட்டு வளையத்திலிருந்து கையை எடுத்துவிடுங்கள். பறவை அந்த இடத்துக்குள் நுழையும்போது 1/2000 நொடியில் தொடர்ச்சியாக எடுத்தால் ஒன்றிரண்டு நிச்சயம் தெளிவாக அமையும். நம்மைக் குறுக்காகக் கடந்து பறப்பவையும் எளிது, ஏனென்றால் தூரம் அதிகம் மாறுவதில்லை. நேராக நம்மை நோக்கி வருவதைத் துரத்தி ஃபோகஸ் செய்ய முயல வேண்டாம். கூட்டருகே ஒரு கட்டுப்பாடும் தேவை: நாரை எழுந்து நின்று நம்மையே பார்த்தால் நாம் நெருங்கிவிட்டோம் என்று பொருள், வெயிலில் குஞ்சுக்கு நிழல் அதன் இறக்கைதான், உடனே பின்வாங்கிவிட வேண்டும்.

சில சிறு விஷயங்கள். அமர்ந்த பறவைக்கும் 1/500 நொடிக்குக் கீழே போகாதீர்கள்; கேமராவிலும் லென்ஸிலும் நடுக்கம் தணிக்கும் வசதி இல்லை, ஒரு மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) பெரிதும் உதவும். எஃப் 4.5இல் வெள்ளை இறகின் ஓரத்தில் ஊதா நிறக் கசிவு தெரிந்தால் 5.6க்கோ 8க்கோ போங்கள். வெயில் ஏறிய பிறகு குளத்தின் மேல் எழும் கானல் எந்த விலை லென்ஸின் படத்தையும் மங்கலாக்கும். அதற்கு லென்ஸைக் குறை சொல்லக் கூடாது. எல்லாவற்றுக்கும் முன்னால், டார்ச் ஒளியை லென்ஸுக்குள் பாய்ச்சிப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. உடனே நம்பகமான மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். நாளானால் அது கண்ணாடியின் பூச்சை அரித்துவிடும். பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு, ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும்படி வையுங்கள்.

150-600 ஜூம் பற்றி உங்கள் நண்பர்கள் சொல்வதில் தவறில்லை. முதுமலையில் வனத்துறை வண்டியில் இருந்தபடி, திடீரென்று சாலையைக் கடக்கும் செந்நாயை எடுக்க வேண்டுமென்றால் அதுதான் கருவி. பறக்கும் பருந்துதான் உங்கள் விருப்பம் என்றால் பணத்தைச் சேர்க்கத் தொடங்கிவிடுங்கள். மிரர் லென்ஸ் வேண்டாம்: பெரும்பாலானவை எஃப் 8க்கு மேல் திறக்காது, பின்னணி இலைகளில் உளுந்துவடை வளையங்களைப் போடும், ஃபோகஸ் இதைவிடக் கடினம். பொருந்தாக் கருவி என்ற தயக்கமும் வேண்டாம். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனும் நம் முன்னோடிக் கானுயிர்ப் படக்காரருமான மா. கிருஷ்ணன் வெவ்வேறு பாகங்களை இணைத்துத் தானே உருவாக்கிக்கொண்ட பாரமான கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரிட்டுக் காடெல்லாம் சுமந்தவர்.

மிரர்லெஸ் கேமராவுக்கு மாறினால் ஃபோகஸ் நிச்சயம் எளிதாகும். நிக்கானின் பழைய எஃப் மவுண்டில் லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் ஃபிலிமுக்கும் (அல்லது சென்சாருக்கும்) இடையே 46.5 மி.மீ. தூரம், மிரர்லெஸ் கேமராக்களின் இசட் மவுண்டில் அது 16 மி.மீ. இடைப்பட்ட 30.5 மி.மீ.யை நிரப்பும் அடாப்டருக்குள் கண்ணாடி எதுவும் தேவையில்லை என்பதால் படத்தின் தரம் குறையாது. கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்காமலே உருவத்தைப் பெரிதாக்கலாம், தெளிந்த விளிம்புகளை நிறத்தில் காட்டும் பீக்கிங் வசதியும் உண்டு; ஒளியையும் அளக்கும். ஆனால் ஒரு இழுபறி இருக்கிறது. உடலிலேயே நடுக்கம் தணிக்கும் இசட்5, இசட்6 போன்றவை முழுச்சட்ட கேமராக்கள், அதாவது 35 மி.மீ. ஃபிலிம் அளவுச் சென்சார் கொண்டவை. அவற்றில் 300 மி.மீ. வெறும் 300தான், டி5600இன் சிறிய சென்சார் தரும் 450க்கு இணையான நெருக்கம் இராது. அந்த நெருக்கத்தைத் தரும் இசட்50இல் நடுக்கம் தணிக்கும் வசதி இல்லை. உங்கள் தேவைக்கு நான் இசட்50ஐயும் ஒரு மோனோபாடையும்தான் தேர்ந்தெடுப்பேன். அதுவும் ஒரு பருவம் முழுக்க இருக்கும் கேமராவில் லைவ் வியூவை வைத்துப் பழகிய பிறகு. வாங்கப் போகும்போது லென்ஸைக் கையோடு எடுத்துச் சென்று, கடை வாசலிலிருந்து எதிர்ப்புறத்து மின்கம்பியில் இருக்கும் காக்கையின் கண்ணில் ஃபோகஸ் செய்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அன்புடன்.