பழைய அமெரிக்கப் பாக்கெட் வாட்ச் ஒன்றில் உள்ளிருக்கும் இயந்திரமே சுற்றுமாமே, உண்மையா?

உண்மைதான். கனெக்டிகட்டில் உள்ள வாட்டர்பரி நகரில் 1880-களில் செய்த 'லாங் வைண்ட்' வாட்ச் அது, டேனியல் பக் வடிவமைத்தது. வாட்ச்சை ஓட வைக்கும் சுருள்வில்லான மெயின்ஸ்பிரிங் சுமார் 9 அடி நீளம், இயந்திரத்துக்குப் பின்னால், கேஸின் அகலம் முழுக்கச் சுருண்டிருக்கும். அது விரியும்போது பல்சக்கரம், ஓட்டத்தைச் சீராக்க ஊசலாடும் பாலன்ஸ் சக்கரம் எல்லாம் சேர்ந்த மொத்த இயந்திரமும் மணிக்கு ஒரு சுற்று சுற்றும், நிமிட முள்ளும் கூடவே போகும். வாட்ச் இருக்கும் நிலையைப் பொறுத்து வரும் நேரப் பிழை இந்தச் சுற்றலில் ஓரளவு சமனாகிவிடும். விலையுயர்ந்த வாட்ச்களில் பாலன்ஸைச் சுழல வைக்கும் டூர்பியோன் என்ற அமைப்பும் இதைத்தான் செய்கிறது, ஆனால் அது பணக்காரர் சமாச்சாரம். இது மூன்றரை, நாலு டாலருக்கு விற்றது! மொத்தமே 58 பாகங்கள்தான், எனக்கு அதுதான் பெரிய சாதனை. சாவி கொடுப்பதுதான் பாடு, முழுதாக ஏற நூறு தடவைக்கு மேல் திருக வேண்டும். வாங்குவதானால் ஓட்டை வெட்டிய டயல் உள்ள ஆரம்பகால மாடலைத் தேடுங்கள், உள்ளே சுற்றுவது முன்பக்கமே தெரியும்.