கப்பல் நிற்கும் நேரத்துக்குள் மாயா இடிபாடுகள்: கேள்வி பதில்

மேற்குக் கரீபியன் சொகுசுக் கப்பலில் போகிறவர்கள், கரையிறங்கி மெக்சிகோ, மத்திய அமெரிக்காவின் பழைய மாயா நாகரிக நகரங்களைப் பார்ப்பது பற்றிக் கேட்டவை இவை.

கேள்வி: எங்கள் கப்பல் கொசுமெலில் காலை 8 முதல் மாலை 5 வரை நிற்கிறது. சிச்சென் இட்சா போய்வரலாமா?

பதில்: வேண்டாம். கொசுமெல் ஒரு மெக்சிகோ தீவு, சிச்சென் இட்சா இருப்பது பெருநிலத்தின் உள்ளே. ஃபெரியில் பிளாயா தெல் கார்மென் போகவே முக்கால் மணி நேரம், அங்கிருந்து பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். திரும்பும்போதும் அதே பாடு. இவ்வளவு அலைந்து போனாலும் அங்குள்ள பிரமிடின் மேல் ஏற விடமாட்டார்கள். அதைத்தான் பார்க்க வேண்டும் என்றால் புரோகிரேசோ துறைமுகத்தில் நிற்கும் கப்பலாகத் தேடுங்கள். அங்கிருந்து சுமார் இரண்டு மணி நேரம்தான். கொசுமெலில் இறங்குபவர்களுக்கு எதிர்க்கரையில் உள்ள துலூம் என்ற மாயா நகரம் போதும்.

கேள்வி: துலூமில் பெரிய கோபுரம் ஒன்றும் இல்லையாமே?

பதில்: உயரத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். ஆனால் மூன்று பக்கம் மதில், நாலாவது பக்கம் செங்குத்துப் பாறை, கீழே கடல் என்று அமைந்த மாயா நகரம் வேறு எங்கே கிடைக்கும்? 13 முதல் 15ஆம் நூற்றாண்டு வரை செழித்த துறைமுகம் அது. குவாத்தமாலா மலைநாட்டின் எரிமலைக் கண்ணாடி இங்கே வந்து இறங்கியது. வாசல்களுக்கு மேலே உள்ள மாடங்களை நிமிர்ந்து பாருங்கள்: கால் மேலே, தலை கீழே என்று ஒரு தெய்வம் இறங்கி வரும். பலர் கடலைப் படம் பிடிக்கும் அவசரத்தில் அதைக் கவனிப்பதே இல்லை.

கேள்வி: படியேற எங்கே விடுவார்கள்?

பதில்: மெக்சிகோவின் அண்டை நாடான பெலீஸில், ஆல்டுன் ஹா என்ற மாயா நகரத்தில். 1968இல் நாலரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான பச்சைக்கல் தலைச்சிற்பம் கிடைத்த இடம் அது. பெலீஸ் சிட்டியில் கப்பல் கடலிலேயே நின்றுவிடும், கரைக்குப் படகில்தான் போக வேண்டும். அந்த நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. அவரை எங்கே அழைத்துப் போகலாம்?

பதில்: கொசுமெலிலேயே இருக்கும் சான் கெர்வாசியோவுக்கு. ஃபெரி ஏற வேண்டியதில்லை, தரையும் பெரும்பாலும் சமம். இஷ்செல் தேவியை வணங்க மாயாப் பெண்கள் கடல் கடந்து வந்த தலம். கட்டடங்கள் சிறியவைதான். கொசுக்கடிக்கு மருந்து தடவிக்கொண்டு போங்கள்.

கேள்வி: கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவா, வெளியாளா?

பதில்: துலூம் போன்ற தூரத்துக்குக் கப்பல் நிறுவனத்தினுடையதே. அவர்களுடைய பஸ் தாமதித்தால் கப்பல் காத்திருக்கும். நீங்களாகப் போய்த் தாமதித்தால் காத்திருக்காது. சான் கெர்வாசியோவுக்கு டாக்ஸியே போதும். கைபேசிக் கடிகாரத்தை மட்டும் நம்பாதீர்கள். கொசுமெல் இருக்கும் குயிண்டானா ரூ மாநிலத்தில் கோடைக்கால நேர மாற்றம் கிடையாது, பல கப்பல்கள் புறப்படும் மியாமியில் உண்டு. ஆகவே கோடையில் கப்பல் நேரத்துக்கும் உள்ளூர் நேரத்துக்கும் ஒரு மணி நேரம் வித்தியாசம் வரலாம். இறங்கும் முன் கப்பல் நேரத்தைக் கேட்டு, கைக்கடிகாரத்தை அதற்கே வைத்துக்கொள்ளுங்கள்.