திரை கேள்வி–பதில்: முடிவைக் காட்டாத படம் முடியாத படமா?

கேள்வி: ‘கொட்டுக்காளி’யைத் திரையரங்கில் பார்த்தேன். விளக்குகள் எரிந்ததும் “அவ்வளவுதானா?” என்று பின்வரிசையில் சத்தமே எழுந்தது. விழாக்களில் பாராட்டப்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக விமர்சகர்கள் இத்தகைய படங்களைத் தூக்கிப் பிடிக்கிறீர்களா?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: அந்தச் சத்தத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். காசு கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கி வந்தவருக்கு ஏமாற்றத்தைச் சொல்ல முழு உரிமை உண்டு. ஆனால் அந்த ஏமாற்றம் படத்திலிருந்து வந்ததா, படத்தின்மீது நாம் முன்கூட்டியே ஏற்றிவைத்த எதிர்பார்ப்பிலிருந்து வந்ததா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 2024 ஆகஸ்ட் 23 அன்று படம் வெளியானபோது, ‘விடுதலை’யையும் ‘கருட’னையும் பார்த்துவிட்டு வந்தவர்கள் சூரியிடமிருந்து ஒரு நாயகனை எதிர்பார்த்தார்கள். திரையில் வந்ததோ, தொண்டை கட்டிக் கழுத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு, தான் மணக்கவிருக்கும் பெண்ணான மீனாவின் காதலைப் பேய் என்று நம்பி, அதை ஓட்டக் குடும்பத்தோடு கிளம்பும் பாண்டி. அதே ஆண்டு பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவில் இதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சுமை கிடையாது. பார்வையாளர் எதைச் சுமந்துகொண்டு உள்ளே நுழைகிறார் என்பதைப் பொறுத்து அதே படம் வேறாகத் தெரிகிறது.

இனி முடிவுக்கு வருகிறேன். ஒலிபெருக்கியில் வரும் பாட்டைத் தன்னை மறந்து முணுமுணுத்த குற்றத்துக்காக மீனா பாண்டியிடம் அடிபடுகிறாள். அவளோடு, தடுக்க வந்தவர்களும் அடிபடுகிறார்கள். அதன் பிறகும் பயணம் ஒன்றுமே நடக்காததுபோலத் தொடர்கிறது. சாமியாடியின் இடத்தில், தங்கள் முறை வருவதற்கு முன்னால், இன்னொரு பெண்ணுக்கு என்ன நடக்கிறது என்பதைப் பாண்டி பார்க்கிறான். நாமோ பாண்டியின் முகத்தைப் பார்க்கிறோம். வழியெல்லாம் அதிகாரம் செய்த அந்த முகம் முதன்முறையாகத் தடுமாறுகிறது. அவன் திரும்பிப் போனானா, உள்ளே போனானா என்று இயக்குநர் பி.எஸ்.வினோத்ராஜ் சொல்லியிருந்தால், நாம் அவனை மன்னித்துவிட்டோ சபித்துவிட்டோ நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்போம். அந்த நிம்மதியை அவர் தர மறுத்தது சரியென்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

குறை இல்லாமல் இல்லை. வழியில் வரும் தடங்கல்களில் சில, முன்பே சொன்னதைத்தான் திரும்பச் சொல்கின்றன. ஆனால் இந்தப் படத்தைத் திரையரங்குக்கே கொண்டுவந்திருக்கக் கூடாது என்று திரையுலகிலேயே சிலர் பேசியது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. மதுரைப் பக்கத்து வழக்கில் அடங்காத பெண்ணைக் குறிக்கும் சொல்லையே தலைப்பாகக் கொண்ட ஒரு படத்தை, அந்த ஊர் மக்களுக்கு முன்னால் காட்டாமல் வேறு யாருக்குக் காட்டுவது?

கேள்வி: பின்னணி இசையே இல்லாமல் எடுப்பது ஒரு சாதனையா?
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: இல்லை. இசை இல்லாத இடத்தில் காதுக்கு வேறு என்ன கிடைக்கிறது என்பதே கேள்வி. பின்னணி இசை இல்லாத ‘கொட்டுக்காளி’யில் ஷேர் ஆட்டோவின் இரைச்சலும் பாண்டியின் கரகரத்த குரலும் நம் பொறுமையைச் சோதிக்கும் அளவுக்கு நிறைந்திருக்கின்றன. ஏறக்குறைய வாய் திறக்காமலேயே இருக்கும் மீனாவின் மௌனம் அவற்றின் நடுவில்தான் கனம் பெறுகிறது.

கேள்வி: ஒரு படத்தைப் பற்றிச் சொன்ன கருத்தை எப்போதாவது மாற்றிக்கொண்டிருக்கிறீர்களா?
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: மாற்றிக்கொண்டிருக்கிறேன். பாயல் கபாடியாவின் ‘ஆல் வீ இமாஜின் ஆஸ் லைட்’ 2024-இல் கான் திரைப்பட விழாவின் இரண்டாவது பெரிய விருதான கிராண்ட் பிரீயைப் பெற்றது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அவ்விழாவின் முதன்மைப் போட்டிக்குத் தேர்வான இந்தியப் படம் அது. ஒரு விழாவில், அன்றைய நான்காவது படமாக, களைத்த கண்களோடு அதைப் பார்த்தேன். ஜெர்மனிக்குப் போய்த் தொடர்பே இல்லாமல்போன கணவன் அனுப்பியதாக மும்பைச் செவிலியர் பிரபா எண்ணும் குக்கரை அவள் இரவில் தனியே அணைத்துக்கொள்ளும் காட்சி அப்போதே என்னை உலுக்கியது. ஆனால் கடற்கரை ஊருக்குப் போன பிறகு, நீரில் மூழ்கிக் காப்பாற்றப்பட்ட ஒருவனிடம் தன் கணவனிடம் பேசுவதுபோல அவள் பேசுவதைச் செயற்கை என்று குறித்துக்கொண்டேன். பிறகு ஒரு வார நாளில், ஏறக்குறைய காலியாக இருந்த சாதாரண அரங்கில் மீண்டும் பார்த்தபோதுதான், குக்கரிடம் சொல்ல முடியாததை அவள் இவனிடம் சொல்கிறாள் என்பது விளங்கியது. என் முதல் குறிப்பு தவறு. சோர்வை நான் படத்தின் கணக்கில் எழுதிவிட்டேன்.

இதில் நான் தனி ஆளில்லை. 1960-இல் இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனியின் ‘லவெந்துரா’வைக் கான் அரங்கமே கூச்சலிட்டு ஏளனம் செய்தது. அதே விழாவில் அப்படம் ஜூரி பரிசும் பெற்றது.

கேள்வி: அப்படியானால் முதல் நாள் விமர்சனத்தைத் தடை செய்வது நியாயம்தானே?
(வாசகர், ஈரோடு)

பதில்: நியாயமில்லை. படம் வெளியான முதல் மூன்று நாள்களுக்கு விமர்சனம் கூடாது என்று தயாரிப்பாளர்கள் தரப்பில் 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் கேட்கப்பட்டது. நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. முதல் நாள் கருத்து தவறாகலாம் என்பதற்காக அதைச் சொல்லவே கூடாது என்று ஆகிவிடாது. முதல் காட்சிக்கான விளம்பரத்தை மட்டும் அனுமதித்து, அதே காட்சியைப் பார்த்தவரின் வாயை மூடுவது எப்படிச் சரியாகும்? ஆனால் இடைவேளையிலேயே தீர்ப்பை எழுதி அனுப்புவது என் தொழிலுக்குச் செய்யும் துரோகம். எங்கே பார்த்தேன், எத்தனை முறை பார்த்தேன் என்று சொல்லிவிட்டு எழுதினால், வாசகரே எடைபோட்டுக்கொள்வார்.

கேள்வி: நீங்கள் எழுதும் விழாப் படங்களை எங்களைப் போன்றவர்கள் எங்கே பார்ப்பது?
(வாசகி, அறந்தாங்கி)

பதில்: ஆண்டுதோறும் டிசம்பரில் நடக்கும் சென்னை விழாவுக்கும் திருவனந்தபுரம் விழாவுக்கும் கட்டணம் செலுத்திப் பதிவு செய்துகொண்டு யாரும் போகலாம். அறந்தாங்கியிலிருந்து ஒரு வாரம் ஒதுக்கிப் போவது எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். மற்றவர்களுக்குக் காத்திருப்பு ஒன்றே வழி. அது எவ்வளவு நீளம் தெரியுமா? அப்பாவும் மகனும் வெயிலில் நடந்தே ஊர் திரும்பும், வினோத்ராஜின் முந்தைய படமான ‘கூழாங்கல்’, 2021-இன் தொடக்கத்தில் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. அதே ஆண்டு இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்கு அனுப்பப்பட்டது. மதுரை மாவட்டத்து மண்ணில் எடுக்கப்பட்ட அந்தப் படம் 2023 அக்டோபரில் சோனி லிவ் தளத்தில் வந்த பிறகுதான் பெரும்பாலான தமிழர்கள் பார்க்க முடிந்தது. இப்போது பார்ப்பதாக இருந்தால், கைப்பேசியில் வேண்டாம். வீட்டிலுள்ள பெரிய திரையில், இடையில் நிறுத்தாமல் பாருங்கள். 75 நிமிடம்தான். கடைசியில் பெண்கள் ஊற்றுக்குழியிலிருந்து தண்ணீரைச் சிறிது சிறிதாக மொண்டு குடத்தில் நிரப்பும் காட்சி நீளமாகவே போகும். அதை ஓட்டிவிடாதீர்கள்.