வெள்ளை சிமென்ட் வேண்டாம், தம்பி

தேவகோட்டையிலிருந்து நியூ ஜெர்சிக்குப் போய் ஆறு மாதமான தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "வாடகை வீட்டு மாடியில் கம்மோட் ஆடுகிறது, அடியில் தண்ணீர் கசிகிறது. பொருள் செலவைத் தருகிறேன், நீங்களே சரிசெய்யுங்கள் என்கிறார் வீட்டுக்காரர். ஊரில் செய்வதுபோலச் சுற்றிலும் வெள்ளை சிமென்ட் பூசிவிடலாமா?"

பூசாதீர்கள் தம்பி. அங்கே போன புதிதில் நான் சிலிக்கோன் பசையைச் சுற்றிப் பூசினேன். வெளியே கசிவு நின்றது. நான்கு மாதத்தில் கீழறைக் கூரையில் காப்பிக் கறை போல ஒரு வட்டம் விழுந்தது.

விடுமுறைக்குக் காரைக்குடி வந்து, ஐயா வீட்டு வளவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். காலடியில் ஆத்தங்குடிக் கல், அதற்கடியில் மண். குடம் குடமாகக் கொட்டிக் கழுவினாலும் இந்தத் தரைக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் மாடியிலோ கல்லுக்கு அடியில் பலகை, அதற்கடியில் மர உத்தரம். உள்ளே அடைபட்ட நீரில் இரண்டும் இற்றுப்போகும்.

முதலில் வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். பிறகு கம்மோட் நீரில் கேசரிப் பவுடர் ஒரு சிட்டிகை கரைத்துத் தண்ணீர் விடுங்கள். அடியில் ஆரஞ்சு நிறம் வந்தால் கோளாறு கீழேதான். தெளிந்த நீரென்றால் தொட்டியையும் அதற்கு வரும் குழாயையும் பாருங்கள்.

கழிவுக் குழாயின் வாயில் தரையோடு திருகிய வட்டத் தட்டுதான் ஃபிளாஞ்ச். இரண்டு போல்ட்டுகள் அதில் மாட்டி நின்று கம்மோடைப் பிடித்திருக்கும். நடுவில் கசிவைத் தடுப்பது மெழுகு வளையம். போல்ட் மாட்டும் இடத்தில் ஃபிளாஞ்ச் உடைந்தால் கம்மோட் ஆடும், ஆட ஆட மெழுகு விலகும்.

தொட்டிக்கு வரும் குழாயின் வால்வை மூடி, தொட்டி நீரை வடித்து, மிச்சத்தை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். அந்தக் குழாயையும் போல்ட்டுகளின் நட்டுகளையும் கழற்றி இருவராகத் தூக்குங்கள். தனியாக வேண்டவே வேண்டாம், இடுப்பு பிடித்துக்கொள்ளும். குழாய் வாயைப் பழந்துணியால் உடனே அடையுங்கள், சாக்கடை வாயு நல்லதல்ல. பழைய மெழுகைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டு, சுற்றியுள்ள பலகையை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் அங்கேயே நிறுத்துங்கள், இனி அது தச்சர் வேலை, செலவும் வீட்டுக்காரருடையது.

பலகை உறுதியாக இருந்தால், உடைந்த ஃபிளாஞ்சின் மேல் வைத்துத் திருகுவதற்கென்றே எஃகு வளையம் விற்கிறார்கள். துருப்பிடிக்காத திருகாணிகள் பலகைவரை இறங்க வேண்டும். புதிய போல்ட்டுகளை நிறுத்தி, துணியை மறக்காமல் எடுத்துவிட்டு, புதிய மெழுகு வளையத்தை வையுங்கள். கம்மோடை நேராக இறக்கி, மேலே உட்கார்ந்து அழுத்துங்கள். இறக்கியபின் மறுபடி தூக்கினால் அந்த மெழுகு உதவாது; அதனால் இரண்டு வாங்கி வையுங்கள். நட்டுகளை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சமாக முறுக்குங்கள். பலம் காட்டினால் பீங்கான் விரிசல் விடும்.

நான்கைந்து முறை தண்ணீர் விட்டுப் பார்த்தபின், சுற்றிலும் பசை பூசலாம். பின்பக்கம் மட்டும் இரண்டு அங்குலம் பூசாமல் விடுங்கள். என்றாவது மறுபடி கசிந்தால், தண்ணீர் பலகைக்குள் ஒளியாமல் அந்த வழியே வெளியே வந்து தெரியட்டும்.