மேப்பிளை விடுங்கள், விளக்கை அணையுங்கள்

கேள்வி: ஜப்பானிலும் கனடாவிலும் இலைகள் சிவந்து நிற்கும் படங்களைப் பார்த்தால் ஏக்கமாக இருக்கிறது. இணையத்தில் மேப்பிள் விதை வாங்கி மூன்று முறை போட்டும் முளைக்கவில்லை. ஆடியில் வாசலில் வைத்த சாமந்தியும் மொட்டே விடாமல் இலையாகவே வளர்கிறது. இலையுதிர்காலமே இல்லாத நம் ஊரில் வீட்டோடு அந்த அழகைப் பார்க்க வழி உண்டா?
– வாசகி, மதுரை

பதில்: விதையில் குறை இல்லாமலும் இருக்கலாம். மேப்பிள் விதையை ஈர மணலில் கலந்து, ஏறக்குறைய 4 டிகிரி குளிரில் மூன்று மாதம் வைத்தால்தான் அதன் உறக்கம் கலையும். குளிர்பெட்டியில் அதைச் செய்துவிட முடியும். பிறகு என்ன செய்வீர்கள்? முளைத்த செடிக்கும் ஆண்டுதோறும் குளிர் உறக்கம் வேண்டும். மதுரையில் மார்கழி விடியலிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. உறங்க முடியாத செடி இளைத்துப்போகும், சித்திரை வெயிலில் இலை விளிம்பு கருகும், நீங்கள் காத்திருக்கும் சிவப்பு வரவே வராது. வாங்கிய பொட்டலத்தின் மேல் நீல நிற இலை அச்சாகி இருந்திருந்தால் அது மோசடி. நீல இலை மேப்பிள் உலகத்திலேயே கிடையாது. மேப்பிளை இத்தோடு விட்டுவிடுங்கள்.

அந்த மரங்கள் சிவப்பதற்கு இரவு நீள்வதுதான் முதல் காரணம், குளிர் அதற்குத் துணை. டொராண்டோவில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஆறரை மணி நேர வித்தியாசம். மதுரையில் அது சுமார் 70 நிமிடம்தான். ஆனால் அந்த 70 நிமிடத்தையும் எண்ணத் தெரிந்த செடிகள் இருக்கின்றன. உங்கள் சாமந்தி அதில் ஒன்று, அது மொட்டு விடாததற்குக் காரணமும் அதுவே. வாசலில் தெருவிளக்கு இருக்கிறதா, அல்லது போர்டிகோவில் இரவு முழுக்க எல்.இ.டி. எரிகிறதா என்று பாருங்கள். விளக்கு வெளிச்சம் படும் வரை சாமந்திக்கு ஐப்பசி வந்ததே தெரியாது. இன்னும் நீண்ட பகல்தான் என்று எண்ணி இலையாகவே விட்டுக்கொண்டிருக்கும். உரத்தைக் கூட்டினால் இன்னும் இலைதான் வரும். தொட்டியை மொட்டை மாடியில் வெளிச்சம் எட்டாத மூலைக்கு மாற்றுங்கள். நகர்த்த முடியாவிட்டால் மாலை 6 மணிக்கு அட்டைப்பெட்டியால் மூடி, காலை 7 மணிக்கு எடுங்கள். கறுப்பு பாலித்தீன் வேண்டாம். உள்ளே புழுங்கும், சூடு ஏறினாலும் மொட்டு தள்ளிப்போகும். மூன்று, நான்கு வாரத்தில் மொட்டு தெரிந்துவிடும். தீபாவளிக்கு ஓரிரு இரவு விளக்கு எரிந்தால் பாதகமில்லை, தினமும் எரிவதுதான் கெடுக்கிறது.

அடுத்த ஆண்டுக்கு: செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மட்கிய தொழு உரம் ஒரு பங்கு கலந்து, ஆடியில் பக்கக் கன்று வையுங்கள். நான்காவது வாரம் நுனியைக் கிள்ளுங்கள், பக்கக் கிளை வெடித்துப் பூ கூடும். ஆவணிக்குப் பிறகு கிள்ளாதீர்கள், மொட்டையும் சேர்த்துக் கிள்ளுவதாகிவிடும். அடைமழையில் தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கவே கூடாது. தண்ணீர் தேங்கி வேர் அழுகினால், மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடும். அதைத் தாகம் என்று நினைத்து மேலும் ஊற்றித்தான் பலரும் சாமந்தியை இழக்கிறார்கள்.

நிறம் மாறும் இலைதான் வேண்டும் என்றால் பாயின்செட்டியா வாங்குங்கள். அதில் பூப்போலத் தெரியும் சிவப்பு முழுக்க இலை. மெக்சிகோவில் பிறந்த செடி, இதுவும் இரவை எண்ணும். புரட்டாசிக் கடைசியிலிருந்து எட்டு வாரம், மாலை 5 முதல் காலை 8 வரை இடைவிடாத இருட்டு கொடுத்தால் நுனி இலைகள் சிவக்கும். நடுராத்திரியில் யாராவது மாடி விளக்கைத் தினமும் போட்டால் அதுவரை பட்ட பாடு வீண். ஓசூரிலும் ஏற்காட்டிலும் வருகிற அடர்சிவப்பு மதுரை வெக்கையில் வராது, கொஞ்சம் வெளிறித்தான் இருக்கும். ஒடித்தால் வரும் பால் தோலில் பட்டால் அரிக்கும்.

டிசம்பர் பூவுக்கு இவ்வளவு பாடு இல்லை. புரட்டாசியில் கன்றாக வாங்கி வைத்தால் தை வரை பூக்கும். பூத்து ஓய்ந்ததும் மாசியில் பாதிக்கு வெட்டிவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை என்ற நம் கூதிர்காலத்தின் உண்மையான நிறமாற்றம் செங்காந்தளில் இருக்கிறது. ஐப்பசியில் ஒரு கொடியின் முன் ஐந்து நிமிடம் நில்லுங்கள். தலைகவிழ்ந்த பச்சை மொட்டு விரியும்போது ஆறு இதழ்களும் அலை அலையாகப் பின்னுக்கு மடிந்து மேலே எழும். முதலில் பச்சை கலந்த மஞ்சள், பிறகு நுனியிலிருந்து அடிநோக்கிச் சிவப்பு இறங்கும், சில நாளில் முழுப் பூவும் தீயாகும். இந்த எல்லா நிலையும் ஒரே கொடியில் ஒரே நேரத்தில் தெரியும். ஆனியில் கிழங்கு வைக்க வேண்டும், மூன்று அங்குல ஆழம். கலப்பை வடிவக் கிழங்கின் ஒவ்வொரு கை நுனியிலும் ஒரே ஒரு முளைதான் உண்டு, அது ஒடிந்தால் அந்தக் கை முளைக்காது. இலை நுனியே பற்றுக்கம்பி என்பதால் ஒரு கம்பி வலை போதும். ஆனால் கிழங்கு முதல் விதை வரை அத்தனையும் கொடிய நஞ்சு. வீட்டில் சிறு குழந்தையோ ஆடு மாடோ இருந்தால் வைக்காதீர்கள். வேலியோரம் பூத்ததைப் பார்த்து ரசியுங்கள்.

"இலையுதிர்காலமே இல்லாத ஊர்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ஏற்க மாட்டேன். ஐப்பசியும் கார்த்திகையும் நமக்குக் கூதிர், மழைக்காலம். அப்போது இலையை உதிர்க்க இங்குள்ள மரங்களுக்கு என்ன அவசியம்? தண்ணீர் வற்றும் பின்பனியில்தான், மாசி பங்குனியில்தான் பெரும்பாலானவை உதிர்க்கின்றன. சிவந்து உதிரும் மரம் வேண்டுமானால் உங்கள் தெருவிலேயே இருக்கலாம்: நாட்டு வாதுமை, பாதாம் மரம் என்று பலரும் சொல்வது. தை, மாசியில் அதன் அடியில் விழுந்த ஓர் இலையை எடுத்துப் பாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குள் பச்சைத் திட்டு, மஞ்சள், கருஞ்சிவப்பு மூன்றும் கிடக்கும். மேப்பிளைச் சிவப்பாக்குகிற அதே ஆந்தோசயனின் என்ற நிறமிதான் இதிலும். சுவரிலிருந்து 20 அடி தள்ளி இடம் இருந்தால் மட்டும் நடுங்கள், தொட்டிக்கு ஆகாது. சருகை எரிக்க வேண்டாம், சண்டை மீன் வளர்ப்பவர்கள் தொட்டியில் போடத் தேடி வாங்குவது இந்தச் சருகைத்தான்.

இன்னொன்று. நம் ஊரில் சிவப்பு அதிகம் தெரிவது உதிரும் இலையில் இல்லை, துளிர்க்கும் இலையில். அரசும் வேம்பும் செம்புத் தளிர் விடும். மாந்தளிர் தொங்கித் துவண்டு கிடப்பதைப் பார்த்து, நோய் என்று மருந்து அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது நோயல்ல. இரண்டு, மூன்று வாரத்தில் தானே விறைத்துப் பச்சையாகும். சங்கப் பாடல்களில் பெண்ணின் மேனிக்குச் சொன்ன மாமை நிறம் இந்தத் தளிரின் நிறம்தான். மாமரம் இருந்தால் தளிர் விட்டிருக்கும் வாரத்தில் கத்தரிக்கோலையும் மருந்துத் தெளிப்பானையும் அதன் பக்கம் கொண்டு போகாதீர்கள். இன்றிரவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: சாமந்தித் தொட்டியை விளக்கடியிலிருந்து நகர்த்துங்கள்.