நகையை அடகு வைக்கும் முன்னால் அந்த ஃபைலைப் பாருங்கள்

மதுரை திருமங்கலத்துப் பக்கம் மாவு மில் நடத்தும் குடும்பம். அப்பா, அம்மா, மகள், கூடவே பெரியப்பா என்று நான்கு பேராக என்னிடம் யோசனை கேட்டு வந்தார்கள். மகள் பி.காம். முடித்துவிட்டாள், ரிசல்ட்டும் வந்தாயிற்று. பெரியப்பாதான் பேச்சை ஆரம்பித்தார். சென்னையில் எம்.பி.ஏ. சீட்டுக்கு ஆள் பிடித்து வைத்திருக்கிறாராம். ஹாஸ்டலோடு சேர்த்து இரண்டு வருஷத்துக்கு எட்டு லட்சம். ஐந்து லட்சத்துக்கு பேங்க் லோன், மீதி மூன்று லட்சத்துக்கு அம்மாவின் நகை. "நம்ம வகையறாவுல மொத எம்.பி.ஏ. இவதான் சார்" என்றார். அம்மாவுக்கு முகமே சரியில்லை. "பாப்பா வாயத் தொறக்க மாட்டேங்கிறா சார், அதான் பயமா இருக்கு" என்றார்.

"பயப்படாதீங்கக்கா, நல்ல மார்க்தானே" என்று நானும் வழக்கம்போல ஆறுதல் சொல்லித்தான் தொடங்கினேன். ஐந்து நிமிஷத்தில் அதை நிறுத்திக்கொண்டேன்.

காரணம் ஒரு ஃபைல். கடைசி செமஸ்டர் மார்க் ஷீட்டைக் கேட்டேன். அப்பா மஞ்சப்பையைத் துழாவிக்கொண்டிருக்க, மகள் தன் பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து மேசையில் வைத்தாள். ஒவ்வொரு கவரின் தலையிலும் சின்னச் சீட்டு: பள்ளி, கல்லூரி, சாதி, வருமானம், ஜெராக்ஸ், போட்டோ. போட்டோ கவரில் மட்டும் பென்சிலால் 7 என்று எழுதியிருந்தது. என்னவென்று கேட்டேன். "உள்ள ஏழு இருக்கு சார். எடுக்கிறப்ப அழிச்சுட்டு மாத்தி எழுதிருவேன்." மில்லின் கரண்ட் பில், வண்டி இன்சூரன்ஸ், வீட்டுப் பத்திரம், கேஸ் புத்தகம் எல்லாம் அவள் பொறுப்புதானாம். எதைத் தேடினாலும் அவளைக் கேட்டால்தான் கிடைக்கும் என்றார் அப்பா. அப்புறம்தான் அவள் வாயைத் திறந்தாள். "ஆபீஸ் வேலைதான் சார் எனக்குப் புடிச்சிருக்கு."

பெரியப்பா சிரித்தார். "டைப்படிக்கவா மூணு வருஷம் காலேஜுக்கு அனுப்புனோம்?"

அண்ணே, முதலில் உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். ஐந்து லட்சத்துக்கு 11 சதவீத வட்டி, ஐந்து வருஷத்தில் அடைப்பது என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை கிட்டத்தட்ட 10,900 ரூபாய். படிக்கிற இரண்டு வருஷத்து வட்டி இதில் சேரவில்லை. மூன்று லட்சம் நகைக்கடனுக்கு 10 சதவீதம் என்றாலும் வருஷத்துக்கு 30,000, அதாவது மாதம் 2,500. இரண்டும் சேர்ந்து மாதம் 13,400. நகைக்கடனின் அசல் அப்படியே நிற்கும், வருஷா வருஷம் போய்த் திருப்பி வைக்க வேண்டும். பெயர் தெரியாத ஒரு கல்லூரியில் எம்.பி.ஏ. முடித்தவருக்கு முதல் வேலை பெரும்பாலும் என்ன? வெயிலில் அலைந்து லோனும் இன்சூரன்ஸும் விற்கிற டார்கெட் வேலை. போட்டோ கவரில் எண்ணிக்கை எழுதி வைக்கிற பெண்ணை அந்த வேலைக்கு அனுப்ப எட்டு லட்சமா? நகையைத் தொடாதீர்கள். இதில் எனக்கு இரண்டாம் பேச்சு கிடையாது.

பி.எட்., பேங்க் எக்ஸாம், ஐ.டி. பற்றியெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதைச் சொல்ல ஊரில் ஆள் நிறைய இருக்கிறது.

யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு வழி இருக்கிறது. தமிழ்நாடு தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் டைப்ரைட்டிங் தேர்வு. லோயர் என்றால் நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையர் என்றால் 45. தமிழிலும் உண்டு, ஆங்கிலத்திலும் உண்டு. பலரும் இதை வெறும் விரல் வேகம் என்று நினைக்கிறார்கள். ஸ்பீடு தாளுக்கு அடுத்து இன்னொரு தாள் இருக்கிறது. அதில் ஒரு கடிதமும் ஒரு ஸ்டேட்மென்ட்டும் வரும். ஸ்டேட்மென்ட் என்பது கட்டம் கட்டமாகப் போகிற கணக்கு அட்டவணை. எந்தப் பத்திக்கு எத்தனை எழுத்து இடம், ஓரத்தில் எவ்வளவு விட வேண்டும், தலைப்பு எப்படி நடுவில் வரும் என்று அடிப்பதற்கு முன்பே மனசுக்குள் எண்ணிவிட வேண்டும். ஆபீஸ் வேலையின் பாதி அந்த எண்ணிக்கைதான். இதைப் பழகியவர் பின்னால் எக்செல்லைத் திறந்தால் தடுமாறுவதில்லை.

இரண்டு மொழியிலும் ஹையர் முடித்து, அதோடு அதே இயக்ககத்தின் ஆபீஸ் ஆட்டோமேஷன் சான்றிதழும் வாங்கிவிட்டால் அரசு வேலைக்கும் ஒரு கதவு திறக்கும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-ல் தட்டச்சர் பதவி இருக்கிறது. அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாயில் தொடங்குகிறது, அகவிலைப்படி தனி. எழுதுகிற லட்சக்கணக்கானவர்களில் டைப்ரைட்டிங் சான்றிதழ் இல்லாதவர்கள் அந்தப் பதவிக்கு வரவே முடியாது, கூட்டம் அங்கேயே வடிந்துவிடும். சுருக்கெழுத்தும் சேர்ந்தால் இன்னும் வடியும். சுருக்கெழுத்தா, அது தாத்தா காலத்துச் சமாச்சாரம் என்பீர்கள். 2004-ல் உயர் நீதிமன்றக் கிளை மதுரைக்கு வந்ததிலிருந்து வக்கீல் ஆபீஸ்களில் சொல்லச் சொல்ல எழுதி, பிழையில்லாமல் அடித்துக் கொடுக்கிறவருக்கு எவ்வளவு மதிப்பு என்று ஒத்தக்கடை பக்கம் போய் விசாரித்துப் பாருங்கள்.

ஆனால் அரசு வேலைதான் என்று வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது. காலையில் டைப்பிங் வகுப்பு, பகலில் ஏதாவது ஓர் ஆபீஸில் வேலை. கப்பலூர் சிட்கோ, கீழவாசல் மொத்தக் கடைகள், ஆஸ்பத்திரிகள், ஆடிட்டர் ஆபீஸ்கள் என்று எல்லா இடத்திலும் காகிதத்தைக் கட்டி மேய்க்க ஆள் வேண்டும். முதல் சம்பளம் குறைவுதான், அதை நான் மறைக்கவில்லை. என்னிடம் வந்து போனவர்கள் பெரும்பாலும் பன்னிரண்டாயிரம் பக்கத்தில்தான் ஆரம்பித்தார்கள். ஆனால் கடன் இல்லாத பன்னிரண்டாயிரம்.

பாப்பா, இனி உனக்கு.

எனக்கு 22 வயதில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. ஒரு நாள் டிரைவர் ஒருவர் வந்து, இன்சூரன்ஸுக்கு வேண்டும் என்று ஒரு வண்டியின் ஒரிஜினல் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டார். கொடுத்தேன். எங்கேயும் எழுதி வைக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து அந்த வண்டியை எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, காட்ட வேண்டிய நாள், புத்தகத்தைக் காணோம். நான் கொடுத்தேன் என்கிறேன், அவர் வாங்கவே இல்லை என்கிறார். கடைசியில் வேறொரு வண்டியின் டூல்ஸ் பெட்டியில் கிரீஸ் அப்பிக் கிடந்தது. முதலாளி திட்டவில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி வந்து மேசையில் போட்டார். "இனிமே எங்கப்பன் வந்து கேட்டாலும் இதுல கையெழுத்து வாங்கிட்டுத்தான் குடுக்கணும்." இன்று வரை ஒரிஜினல் எதையும் கையெழுத்து இல்லாமல் நான் கொடுப்பதில்லை. நீயும் முதல் நாளே அப்படி ஒரு நோட்டுப் போட்டுவிடு.

அடுத்தது இன்வர்டு ரிஜிஸ்டர், ஆபீஸுக்கு வருகிற தபாலைப் பதிகிற நோட்டு. வந்த தேதி, யாரிடமிருந்து, என்ன விஷயம், யாரிடம் போனது என்று நான்கு பத்தி எல்லாரும் போடுவார்கள். ஐந்தாவதாக, பதில் போன தேதி என்று ஒன்று போடு. வெள்ளிக்கிழமை மாலை அந்தப் பத்தியை மட்டும் மேலிருந்து கீழே பார். காலியாக இருக்கிற கட்டம் ஒவ்வொன்றும் திங்கட்கிழமை உன் முதலாளிக்கு வரப்போகிற ஒரு கோபமான போன்.

மேசைக்கு எதிரே மாதக் காலண்டர் ஒன்றைத் தொங்கவிட்டு நான்கு தேதிகளை வட்டம் போடு. 7-ம் தேதி டி.டி.எஸ். (பிடித்த வருமான வரியைக் கட்டுவது), 11 ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனைக் கணக்கு), 15 பி.எஃப். (வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (மருத்துவக் காப்பீடு) இரண்டும், 20 ஜிஎஸ்டிஆர்-3பி (முந்தின மாத ஜி.எஸ்.டி.யைக் கணக்குக் காட்டிக் கட்டுவது). மாதாமாதம் தாக்கல் செய்கிற நிறுவனங்களுக்கு இவைதான் வழக்கமான கெடு. தாக்கல் செய்வது ஆடிட்டர் வேலையாக இருக்கலாம். பில்களை மூன்று நாள் முன்பே கட்டி அனுப்புவது உன் வேலை. ஆடிட்டர் ஆபீஸிலிருந்து போன் வருவதற்கு முன்னால் பில் போய்ச் சேர்ந்தால், ஆறே மாதத்தில் உன் பேர் அங்கே தெரிந்துவிடும். அடுத்த வேலை அந்தப் பக்கத்திலிருந்தே வருவதையும் பார்த்திருக்கிறேன்.

கம்ப்யூட்டரில் ஃபைல் பெயர் வைக்கும்போது வருஷத்தை முதலில் எழுது: 2025-06-14, பிறகு கம்பெனி பெயர், பிறகு என்னவென்று. அப்படி வைத்தால் தானாகவே தேதி வாரியாக வரிசையில் நிற்கும். ஃபைனல், புது ஃபைனல், கடைசி ஃபைனல் என்று பெயர் வைக்கிற ஆபீஸ்களைப் பார்த்தால் எனக்குத் தலை வலிக்கும். முதலாளிகள் ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் பில்லைப் போட்டோ எடுத்துத் தள்ளுவார்கள். காலையில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக அவற்றை இறக்கி, பெயர் மாற்றி, உரிய ஃபோல்டரில் போடு. பெட்டி கேஷை, அதாவது சில்லறைச் செலவுக்கு வைத்திருக்கிற பணத்தை, தினமும் மாலை எண்ணு. நாற்பது ரூபாய் ஷேர் ஆட்டோவுக்கும் வவுச்சர் வேண்டும்.

யாராவது ஒரு வேலை சொன்னால் உடனே திருப்பிச் சொல்லிக் கேள்: "ரெண்டு காப்பி, ஒண்ணுக்கு ஸ்பைரல், நாலு மணிக்குள்ள, சரிங்களா சார்?" அந்த ஒரு வரி பாதித் தகராறைத் தவிர்க்கும்.

வேலையில் சேரும்போது இரண்டு விஷயத்தில் பிடிவாதமாக இரு. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை எந்த ஆபீஸிலும் கொடுத்து வைக்காதே, காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடம் என்றால் பி.எஃப். உண்டா, யு.ஏ.என். (பி.எஃப். கணக்கு) நம்பர் எப்போது கிடைக்கும் என்று கேள். கேட்டால் முகம் சுளிக்கிற இடம் உனக்கு வேண்டாம். ஆபீஸ் என்றால் டீ வாங்கி வரவும் சொல்வார்கள். ஒரு நாள், இரண்டு நாள் போகலாம். மூன்றாம் நாள், "இன்வர்டு பாக்கி இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு நாற்காலியிலேயே இரு.

ஒவ்வொரு மாதக் கடைசியிலும், புதிதாக என்ன கற்றாய், எதைச் சரி செய்தாய் என்று நோட்டின் பின்பக்கம் இரண்டு வரி எழுது. வருஷம் முடிந்து சம்பள உயர்வு கேட்கப் போகும்போது அதுதான் கையில் இருக்க வேண்டும். டேலி கணக்கு சாஃப்ட்வேர், சம்பளப் பட்டியல், சரக்கு அனுப்பப் போடுகிற இ-வே பில் என்று ஒவ்வொன்றாக அந்தப் பக்கத்தில் ஏறட்டும். மூன்று வருஷம் கழித்தும் எம்.பி.ஏ. ஆசை இருந்தால் தபால் வழியில் படி, உன் சம்பளத்தில் படி. பெரியப்பாவுக்கு அப்போது ஒரு எம்.பி.ஏ. கிடைத்துவிடும், அம்மாவின் வளையலும் கையிலேயே இருக்கும்.

அக்கா, ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா கல்லூரி ஆளையே வீட்டுக்குக் கூட்டி வருவதாகச் சொன்னீர்கள். வரட்டும், காப்பி கொடுங்கள். போன வருஷம் முடித்த பத்துப் பேர் இப்போது எங்கே, என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள், போன் நம்பர் தர முடியுமா என்று மட்டும் கேளுங்கள். நம்பர் வந்தால் பாப்பாவே போன் போட்டுப் பேசட்டும், வராவிட்டால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். திங்கட்கிழமை காலை திருமங்கலத்திலேயே டைப்பிங் வகுப்பில் சேர்த்துவிடுங்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் ஜெராக்ஸும் இரண்டு போட்டோவும் கேட்பார்கள். பாப்பா, கவரில் 7 என்பதை அழித்துவிட்டு 5 என்று எழுதிக்கொள்.