அமெரிக்காவில் முதலில் குடியேறிய முன்னோரின் குடும்பத்தைப் பழைய சென்சஸ் ஏடுகளில் கண்டுபிடிப்பது எப்படி?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: மருமகளின் முன்னோர் ஒருவர் நார்வேயிலிருந்து வந்து மினசோட்டாவில் நிலம் திருத்திய முதல் தலைமுறைக்காரர். பெயரும் தோராயமான காலமும் தெரியும். அந்தப் பெயரைப் போட்டுத் தேடினால் நூற்றுக்கணக்கில் வந்து விழுகிறது. அதில் அவர் யார், அவர் மனைவி மக்கள் யார் என்று எப்படிப் பிரித்தறிவது?

இதே இடத்தில் நானும் வழி தெரியாமல் நின்றிருக்கிறேன். என் கணவர் மினசோட்டாக்காரர். அவருடைய அம்மாவின் கொள்ளுத்தாத்தாவை நானும் அத்தையும் (மாமியாரை அப்படித்தான் கூப்பிடுகிறேன், அவருக்கும் அந்தச் சொல் பிடித்துப்போய்விட்டது) இரண்டு குளிர்காலம் தேடினோம். முதல் குளிர்காலம் ஒரு பெயரைத் தேடினோம், எதுவும் அகப்படவில்லை. அடுத்த குளிர்காலம் ஒரு வீட்டைத் தேடினோம், கிடைத்தார்.

பெயர் ஏன் கைகொடுக்காது என்பது நம்மவர்களுக்குச் சொன்னதும் புரியும். அந்தக் காலத்து நார்வே கிராமத்தாருக்கு இன்று நாம் நினைக்கிற மாதிரி நிலையான குடும்பப் பெயர் கிடையாது. லார்ஸ் என்பவரின் மகன் ஓலே என்றால் அவர் ஓலே லார்சன். அந்த ஓலேயின் மகன் ஆண்டர்ஸ், ஆண்டர்ஸ் ஓல்சன் ஆவார். நம் இனிஷியல் முறையேதான், ஓர் எழுத்துக்குப் பதில் அப்பாவின் முழுப் பெயர். நான் இங்கே வந்த புதிதில் எல்லா அலுவலகங்களிலும் என்னை என் அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் அதுதானே இருந்தது! அந்த விவசாயிக்கும் இதே நிலைமைதான் என்று எனக்கு உறைத்த நாளில்தான் தேடல் நகர்ந்தது. இன்னொரு பொருத்தமும் உண்டு. மூத்த பேரனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர் என்பது அவர்களின் வழக்கம். பெயரன் என்ற சொல்தான் பேரன் ஆயிற்று என்று சொன்னேன். அத்தை அதைத் தன் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார்.

இப்படி இருந்தால் ஒரே கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) ஒரே வயதில் எத்தனையோ ஓலே லார்சன்கள் இருப்பார்கள். அதனாலேயே பல குடும்பங்கள் பிறகு நார்வேயில் தாங்கள் இருந்த பண்ணையின் பெயரைக் கடைசிப் பெயராக வைத்துக்கொண்டன. எங்கள் ஆள் 1880 வரை அப்பா பெயரோடும், 1885-இல் பண்ணைப் பெயரோடும் ஏட்டில் நிற்கிறார். பெண்களின் பெயரும் ஆங்கிலத்துக்கு நகரும்; கரி கேரி ஆவாள், குரி ஜூலியா ஆவாள். கணக்கெடுக்க வந்தவர் காதில் விழுந்தபடி எழுதியது ஒரு பக்கம், அந்தக் கையெழுத்தை இன்று படித்துக் கணினியில் ஏற்றியவர் வேறாகப் படித்தது இன்னொரு பக்கம்.

இத்தனை மாறினாலும் குழந்தைகளின் வரிசை மாறாது. 12 வயதுப் பெண், 9 வயதுப் பையன், 6 வயதுப் பையன், 4 வயதுப் பையன், கைக்குழந்தை. இந்த வயது இடைவெளிகளும் ஒவ்வொரு குழந்தையும் பிறந்த இடமும் சேர்ந்தால் அது ஒரு கைரேகை மாதிரி. இன்னொரு வீட்டுக்கு அது அப்படியே பொருந்துவது அபூர்வம்.

எந்த ஆண்டு ஏடு எதைச் சொல்லும் என்பதை முதலில் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். 1790 முதல் 1840 வரை குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான். மற்றவர்கள் வயதுவாரியாக வெறும் எண்ணிக்கை. 1850-இல்தான் வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் பெயரோடு எழுதினார்கள், அதுவும் சுதந்திர மனிதர்களை மட்டும். அடிமைப்படுத்தப்பட்டவர்கள் 1850-இலும் 1860-இலும் தனிப் பட்டியலில், பெரும்பாலும் பெயரில்லாமல், வயதும் பாலும் நிறமுமாக உடைமையாளரின் பெயருக்குக் கீழே நிற்கிறார்கள். தங்கள் முன்னோரைத் தேடும் கறுப்பின நண்பர்கள் 1870-க்கு முன்னால் போக முடியாமல் தவிப்பது இதனால்தான். நார்வேக்காரர்கள் பெருமளவில் வந்தது 1850-க்குப் பிறகு என்பதால் உங்களுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் 1880-க்கு முந்தைய ஏடுகளில் உறவுமுறை எழுதப்படவில்லை. 1870 ஏட்டில் ஒரு ஆணுக்கு அடுத்த வரியில் ஒரு பெண் இருந்தால் அவர் மனைவியாக இருக்கலாம், தங்கையாகவும் இருக்கலாம். குழந்தைகள் முதல் தாரத்துப் பிள்ளைகளாகவும் இருக்கலாம். 1880 ஏட்டோடு ஒப்பிடாமல் உறவு எழுதிவிடாதீர்கள்.

எங்களுக்குக் கதவு திறந்தது 1870 ஏட்டில், மினசோட்டாவின் ஃபில்மோர் கவுண்டியில். அங்கே நார்வேக்காரர்கள் ஏராளம். தேடல் பெட்டியை மூடிவிட்டு, ஒரு டவுன்ஷிப்பின் (கவுண்டியின் உட்பிரிவு) ஏட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினோம். பக்கத்துக்கு 40 வரி. மூன்றாவது நாள் மாலை அந்தக் குடும்பம் கண்ணில் பட்டது. அப்பாவும் அம்மாவும் நார்வே. மூத்த மகள், 12 வயது, நார்வே. அடுத்த இரண்டு பையன்கள், 9, 6, விஸ்கான்சின். நான்கு வயதுப் பையன் மினசோட்டா. கடைசியில் 8/12 என்ற வயதோடு ஒரு பெண் குழந்தை, பிறந்த மாதம் செப்டம்பர். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் வயதைப் பன்னிரண்டில் இத்தனை பங்கு என்றுதான் எழுதுவார்கள்.

அந்த ஐந்து வரிகளை மெதுவாகப் படியுங்கள். ஒரு பயணமே அதில் இருக்கிறது. மூத்தவள் நார்வேயில் பிறந்தது 1858 வாக்கில், அடுத்தவன் விஸ்கான்சினில் பிறந்தது 1861 வாக்கில். கடல் கடந்தது இந்த இரண்டுக்கும் நடுவில். மூன்றாவது பையனுக்கும் நான்காவது பையனுக்கும் நடுவில், அதாவது 1864-க்கும் 1866-க்கும் இடையில், மினசோட்டாவுக்கு வண்டி கட்டியிருக்கிறார்கள். இதைக் கையில் வைத்துக்கொண்டு 1860 ஏட்டில் விஸ்கான்சினின் டேன் கவுண்டியைப் புரட்டினோம். அங்கே ஒரு இளம் தம்பதி, இரண்டு வயதுப் பெண் குழந்தையோடு. 1870 ஏட்டில் பார்த்த அந்த நான்கு வயதுப் பையன்தான் அத்தையின் தாத்தா.

பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மத்திய அரசின் ஏட்டோடு நின்றுவிடாதீர்கள். மினசோட்டா தனியாக 1865, 1875, 1885, 1895, 1905 ஆண்டுகளில் கணக்கெடுத்தது. டகோட்டா பிரதேசத்தில் 1885-இல் ஒன்று நடந்தது. எங்கள் குடும்பம் 1880-க்குப் பிறகு ஃபில்மோரில் காணாமல் போனது. 1885-இல் செவ்வாற்றுப் பள்ளத்தாக்கில், இன்றைய வடக்கு டகோட்டாவின் டிரெய்ல் கவுண்டியில், புதிய பெயரோடு எழுந்தது. கடைசிப் பெயர் வேறு, பிள்ளைகள் வரிசை அதே வரிசை.

இருந்தாலும் அவர்தான் இவர் என்று உறுதி சொல்ல வரிசை மட்டும் போதுமா என்று அத்தை கேட்டார். நியாயமான கேள்வி. அதைத் தீர்த்துவைத்தவர்கள் அக்கம்பக்கத்தார். அன்றைக்கு யாரும் தனியாகப் புலம்பெயரவில்லை. ஒரே நார்வே ஊர்க்காரர்கள் சேர்ந்து நகர்ந்தார்கள். ஆகவே உங்கள் குடும்பத்துக்கு மேலே பத்து வீடு, கீழே பத்து வீடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 1862-ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் அரசு நிலத்தை எடுத்தவர், ஐந்தாண்டு குடியிருந்து பயிர் செய்ததை நிரூபித்தால்தான் பட்டா. நிரூபிக்க அண்டை அயலார் சாட்சி சொல்ல வேண்டும். அந்தக் கோப்பை வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து கட்டணம் செலுத்தி நகல் வாங்கினோம். வீட்டின் அளவு, உழுத ஏக்கர், குடியுரிமைத் தாள், எல்லாம் இருந்தது. சாட்சிக் கையெழுத்து இட்ட இருவரில் ஒருவர், 1870-இல் ஃபில்மோரில் இரண்டு வீடு தள்ளி இருந்தவர். அதைப் பார்த்ததும் அத்தை மேஜையைத் தட்டி, "இவர்தான், இவரேதான்" என்றார்.

1890 ஏட்டைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 1921 ஜனவரி 10 அன்று வாஷிங்டனில் வணிகத்துறைக் கட்டடத்தின் அடித்தளத்தில் தீப்பிடித்தது. தீயைவிட அதை அணைக்க ஊற்றிய தண்ணீர் செய்த சேதமும் குறைவில்லை. மிஞ்சியதை அழிக்க 1933 பிப்ரவரியில் நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. அதே மாதத்தில்தான் தேசிய ஆவணக் காப்பகக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஏறத்தாழ 6.3 கோடிப் பேரில் இன்று தப்பியிருப்பது 6,000 சொச்சம் பெயர்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது. 1880-க்கும் 1900-க்கும் நடுவே வளர்ந்து, கல்யாணமாகிப் போன பெண் பிள்ளைகள் அந்தப் பள்ளத்தில்தான் தொலைகிறார்கள். அவர்களுக்குத் திருச்சபைப் பதிவேடும் கவுண்டித் திருமணப் பதிவும்தான் கதி.

1900 ஏட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அதில்தான் பிறந்த மாதமும் ஆண்டும், திருமணமாகி எத்தனை ஆண்டு, நாட்டுக்குள் வந்த ஆண்டு, எல்லாம் கேட்டார்கள். ஒவ்வொரு தாயிடமும் இன்னும் இரண்டு கேள்வி: எத்தனை பிள்ளை பெற்றாய், எத்தனை உயிரோடு இருக்கிறது. அத்தையின் கொள்ளுப்பாட்டிக்கு நேராக எழுதியிருந்தது 9, 5.

வீட்டில் யாருக்கும் ஆறு பிள்ளைகளுக்கு மேல் தெரியாது. அதில் ஒருவர் வளர்ந்த பிறகு இறந்தவர். மற்ற மூன்று பேர் யார்? மறுபடி ஏடுகளுக்குப் போனோம். 1870-இல் எட்டு மாதக் குழந்தையாக இருந்தவள் 1880-இல் பத்து வயதாக இருக்க வேண்டும். அதே பெயரில் ஒரு பெண் இருந்தாள், வயது 7. வயதைத் தப்பாக எழுதிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தோம். அப்படி இல்லை. இறந்த குழந்தையின் பெயரை அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு வைப்பது நார்வேக்காரர்கள் வழக்கம். இவள் இரண்டாமவள். அடுத்து, இறந்தவர்களுக்கென்று தனிப் பட்டியல் 1850 முதல் 1880 வரை உண்டு. கணக்கெடுப்புக்கு முந்தைய ஓராண்டில், ஜூன் 1 முதல் மே 31 வரை, இறந்தவர் பெயர், வயது, மாதம், காரணம் அதில் வரும். 1880 பட்டியலில் அந்தக் கடைசிப் பெயரோடு ஐந்து வயதுப் பையன், நவம்பர், தொண்டை அடைப்பான். அவனுக்கு மேலும் கீழும் அதே ஊரில், அதே மாதத்தில், அதே நோயில் வேறு வீட்டுக் குழந்தைகள்.

மூன்றாவது குழந்தை எந்த ஏட்டிலும் இல்லை. இருக்கவும் முடியாது. 1868-இல் பிறந்து மூன்று வாரத்தில் போன பிள்ளை. இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவே வந்து போய்விட்டது. லூத்தரன் திருச்சபையின் நார்வே மொழிப் பதிவேட்டில் ஞானஸ்நான வரியும் அடக்க வரியும் ஒரே பக்கத்தில் இருந்தன. அன்று அத்தை அதிகம் பேசவில்லை. இரவு குடும்ப வேதாகமத்தை எடுத்து, முன் பக்கத்தில் இருந்த ஆறு பெயர்களுக்கு நடுவே, வயது வரிசைப்படி இடம் பார்த்து, அந்த மூன்று பெயர்களையும் சின்ன எழுத்தில் எழுதினார்.

தேடும்போது எனக்கு உறுத்திய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த நிலம் வெறும் நிலமாகக் கிடக்கவில்லை. தெற்கு மினசோட்டாவை அங்கிருந்த பூர்வகுடிகளான டகோட்டா மக்கள் 1851 ஒப்பந்தங்களில் இழந்தார்கள். அமெரிக்க அரசோடு நடந்த 1862 போருக்குப் பிறகு மினசோட்டாவிலிருந்தே துரத்தப்பட்டார்கள். செவ்வாற்றுப் பள்ளத்தாக்கை இன்னொரு பூர்வகுடியான ஒஜிப்வே மக்கள் 1863-இல் எழுதிக் கொடுக்க வேண்டி வந்தது. 'வரி விதிக்கப்படாத இந்தியர்' என்று சொல்லி அவர்களில் பெரும்பாலோரை இந்த ஏடுகளில் எண்ணவே இல்லை. அத்தை குடும்ப வரலாற்றை எழுதியபோது, ஹோம்ஸ்டெட் பட்டாவுக்கு முந்தைய வரியாக இந்த ஒப்பந்தத்தையும் சேர்க்கச் சொன்னேன். சேர்த்தார்.

நீங்கள் தொடங்குவதற்கு ஃபேமிலிசர்ச் தளம் போதும், இலவசம். தேடல் முடிவாக வரும் தட்டச்சு வரிகளை நம்பாமல் ஏட்டுப் பக்கத்தின் படத்தையே திறந்து பாருங்கள். வயது இரண்டு மூன்று ஆண்டு முன்பின் இருந்தால் கவலை வேண்டாம். பத்தாண்டில் ஏழு வயது மட்டுமே கூடிய பெண்கள் நிறையப் பேர். விவரம் சொன்னவர் யார் என்பதே 1940-க்கு முன் குறிக்கப்படவில்லை. பக்கத்து வீட்டுக்காரராகவும் இருந்திருக்கலாம். 1880 விவசாயப் பட்டியல் கிடைத்தால் விடாதீர்கள். கறவை மாடு எத்தனை, வெண்ணெய் எத்தனை பவுண்டு, கோதுமை எத்தனை புஷல் என்று ஒரு வீட்டின் உழைப்பு முழுவதும் ஒரே வரியில் இருக்கும்.

பண்ணைப் பெயர் தெரிந்துவிட்டால் நார்வேயின் டிஜிட்டல் ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள், அதுவும் இலவசம். 1801-லேயே அங்கே ஒவ்வொருவரையும் பெயரோடு எழுதிவிட்டார்கள். நாங்கள் 1865 ஏட்டில் அந்தப் பண்ணையைத் தேடினோம். மகன் கடல் கடந்து ஆறேழு ஆண்டு ஆகியிருந்தது. அம்மாவும் அப்பாவும் அங்கேயே இருந்தார்கள், இரண்டு மாடும் சில ஆடுகளுமாக.

உங்கள் மருமகளின் குடும்பம் எந்தக் கவுண்டி என்பதையும், 1870 வாக்கில் எத்தனை பிள்ளைகள் என்பதையும் கேட்டுக் கருத்தில் எழுதுங்கள். நானும் அத்தையும் அந்த டவுன்ஷிப்பைப் புரட்டிப் பார்க்கிறோம்.